கிரசென்ட் என்றால் எப்போதும் பிறைதானா?

#1 நிலவுமொழி | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான படக் களஞ்சியம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். வேலை கொடுத்தவர்களின் விதி இதுதான்: ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல். மென்பொருளிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் பிறை என்று பதிந்துவிட்டால், அடுத்த இடத்தில் வேறு எதைப் போட்டாலும் சிவப்புக் கோடு விழும்.

சிக்கல் கிரசென்ட் என்ற சொல்லில். ஐந்து இடங்களில் வருகிறது. நிலா தேய்ந்து வளர்வதைச் சொல்லும் பக்கம். மெசபடோமியாவுக்கான பக்கத்தில் ஃபெர்டைல் கிரசென்ட். இங்கிலாந்தின் பாத் நகரத்திலுள்ள ராயல் கிரசென்ட், பெரிய படத்தோடு. கருவிப்பெட்டிப் பக்கத்தில் கிரசென்ட் ரென்ச். கடைசியில் ஒரு பலகாரக் குறிப்பு: மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, கிரசென்ட்டாக மடிக்க வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் பிறை என்றே போட்டு அனுப்பினேன். நிலாப் பக்கத்தில் மட்டும் "வேக்சிங் கிரசென்ட்" வந்த இடத்தில் வளர்பிறை. சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். "பிறையா வளர்பிறையா, ஒன்றை முடிவு செய்யுங்கள்" என்று குறிப்பு. போதாததற்கு "பிறைக் குறடு" என்று எழுதியிருந்ததைப் பார்த்து என் தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்யலாம்?

#2 லேத்துப்பட்டறை | செவ்வாய், இரவு 9.40

பிறைக் குறடுங்களா! அம்மணி, உங்க தம்பி பக்கம்தானுங்க நானும்.

அது வடிவத்தால வந்த பேரே இல்லீங்க. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஜேம்ஸ்டவுன்னு ஒரு ஊர். 1907ல அங்க ஆரம்பிச்ச கம்பெனி பேரு கிரசென்ட் டூல் கம்பெனி. அவங்க போட்ட ஸ்பேனர் ஊரெல்லாம் பரவி, யார் செஞ்ச ஸ்பேனரானாலும் அமெரிக்காக்காரங்க அதைக் கிரசென்ட்டுன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நாம நகல் எடுக்கறதை ஜெராக்ஸ்ங்கறோமில்ல, அதேதான்.

நம்ம பட்டறைல அதுக்குப் பேரு ஸ்க்ரூ ஸ்பேனர். கொஞ்சம் படிச்ச பசங்க அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்ம்பாங்க. திருகுச் சக்கரத்தைக் கட்டைவிரல்ல உருட்டினா வாய் அகலும், சுருங்கும். ஸ்க்ரூ ஸ்பேனர்னே போடுங்க. பிள்ளைங்க கடைல போயிக் கேட்டா கெடைக்கோணுமில்ல.

#3 வேர்ச்சொல்வெறியன் | செவ்வாய், இரவு 10.25

அருமையான கேள்வி. என் பெயருக்குத் தீனி.

கிரசென்ட் என்ற சொல்லுக்குள் நிலாவும் கிடையாது, வளைவும் கிடையாது. லத்தீனில் கிரெஸ்கெரே என்றால் வளர்தல். கிரெஸ்கென்ஸ் என்றால் வளர்கிற. வளர்கிற நிலா என்று இரண்டு சொல்லாகச் சொல்லி வந்ததில் நிலா உதிர்ந்து வளர்கிற மட்டும் மிஞ்சியது. அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. அங்கே 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது பிறை வடிவ அணிக்குப் பெயர். அதாவது ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே வளர்ச்சியைத் தொலைத்துவிட்டு வெறும் வடிவமாகத்தான் நுழைந்திருக்கிறது.

உடன்பிறப்புகளைப் பாருங்கள். இன்கிரீஸ், டிகிரீஸ் இரண்டும் அதே வேர். இசையில் ஒலி ஏறிக்கொண்டே போவது கிரெசெண்டோ. பிரெஞ்சுக்காரர்கள் காலையில் தின்னும் குரோசான் ரொட்டியும் அதுவே. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் "வளர்கிற" என்ற பொருளும் உண்டு. கான்கிரீட்கூட இந்தக் குடும்பம்தான். சேர்ந்து வளர்ந்தது, அதனால் இறுகிப்போனது.

இப்போது வேடிக்கை. வேக்சிங் கிரசென்ட் என்பதை வேர் பார்த்துச் சொன்னால் "வளர்கிற வளர்கிறது". வேனிங் கிரசென்ட் என்றால் "தேய்கிற வளர்கிறது". ஆங்கிலேயர் யாருக்கும் இது உறுத்துவதில்லை.

#4 லேத்துப்பட்டறை | செவ்வாய், இரவு 10.31

கான்கிரீட்டு வளருமுங்களா? எங்க காண்ட்ராக்டர்கிட்ட சொல்லாதீங்க, அதுக்கும் பில் போட்டுருவாரு.

#5 ஓய்ந்த வாத்தியார் | புதன், காலை 6.05

நிலவுமொழி அம்மா, முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. வேக்சிங் கிரசென்ட்டுக்கு வளர்பிறை என்று போடுவது தப்பு. எல்லோரும் போடுகிறார்கள், நானும் பல வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தப்புதான்.

ஆங்கிலக் கணக்கில் பாதிக்குக் குறைவாக ஒளிர்ந்தால்தான் கிரசென்ட். பாதியைத் தாண்டிவிட்டால் கிப்பஸ். தமிழில் வளர்பிறை என்பது அமாவாசைக்கு மறுநாளிலிருந்து பௌர்ணமி வரை உள்ள முழுப் பதினைந்து நாள். கல்யாணப் பத்திரிகையில் "வளர்பிறை திரயோதசி" என்று அச்சடிக்கிறோமே, அன்றைக்கு வானத்தைப் பார்த்தால் தாம்பாளம் மாதிரி நிலா நிற்கும். பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அதை எந்த ஆங்கிலேயனும் கிரசென்ட் என்று சொல்லமாட்டான். ஆகவே அந்த இடத்தில் "வளரும் பிறை" என்று பிரித்து எழுதி, அமாவாசைக்குப் பின் அட்டமி வரை என்று ஒரு வரி சேருங்கள். கலைக்களஞ்சியம்தானே, விளக்கத்துக்கு இடம் இருக்கும்.

கிப்பஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் கூனல் என்று பொருள். முதுகு புடைத்த நிலா. நாமோ கூன்பிறை என்கிறோம். அவர்கள் கூனைப் பருத்த நிலாவுக்குக் கொடுத்தார்கள், நாம் மெலிந்த நிலாவுக்குக் கொடுத்தோம். கூன் என்றவுடன் அவர்கள் புடைப்பைப் பார்த்திருக்கிறார்கள், நாம் வளைவைப் பார்த்திருக்கிறோம்.

படம் வரைபவருக்கும் ஒன்று சொல்லுங்கள். ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டத்தை வைத்து வெட்டினால் வருவது நிலாப் பிறை அல்ல. நிலா ஒரு பந்து. வெளி விளிம்பு சரியான அரைவட்டம். உள் விளிம்பு, அதாவது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு, பாதி நீள்வட்டம். அதனால் பிறையின் இரு முனைகளும் எப்போதும் ஒரே விட்டத்தின் இரு கோடியில் இருக்கும். எவ்வளவு மெலிந்தாலும் முனைகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து கட்டிக்கொள்ளாது. நம்பிக்கை இல்லாதவர்கள் இருட்டறையில் ஒரு மேசை விளக்குக்கு எதிரே டென்னிஸ் பந்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

#6 காயல்காற்று | புதன், காலை 8.50

அனைவருக்கும் ஸலாம். வாத்தியார் சொன்னது பதினைந்து நாள். எங்கள் வழக்கில் பிறை அதையும் தாண்டும்.

எங்களிடம் பிறை என்றால் தேதி. பத்ர் நாள் ரமலான் பிறை 17. மீலாது ரபீஉல் அவ்வல் பிறை 12. பராஅத் இரவு ஷஅபான் பிறை 15. அன்றைக்கு வானத்தில் முழு நிலா காயும், நாங்கள் அதைப் பிறை பதினைந்து என்போம். "இன்னைக்கு எத்தனாம் பிறை?" என்று உம்மா கேட்டால் யாரும் வெளியே போய் அண்ணாந்து பார்க்கமாட்டோம், நாட்காட்டியைத்தான் பார்ப்போம். நிஜமாகவே கண்ணால் பார்க்கிற அந்த முதல் கீற்றுக்குத் தனிப்பெயர் உண்டு: தலைப்பிறை. பெருநாளுக்கு முந்தைய அந்திக்கு மொட்டைமாடியில் நிற்பது அதற்காக.

அதனால் கிரசென்ட்டுக்குப் பிறை என்று போடுங்கள், தடை இல்லை. ஆனால் பிறை என்று தமிழில் வரும் எல்லா இடத்திலும் கிரசென்ட் என்று யாராவது திருப்பி மொழிபெயர்த்தால் "ரமலான் 17ஆவது கிரசென்ட்" என்று வந்து நிற்கும். நான் அப்படி ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்திருக்கிறேன்.

#7 வேர்ச்சொல்வெறியன் | புதன், காலை 9.15

காயல்காற்று, வாத்தியார் ஐயா, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். ஒரு பக்கம் பிறை பட்சமாகிறது, இன்னொரு பக்கம் தேதியாகிறது. ஆங்கிலக்காரன் வளர்கிறதை வடிவமாக்கிக்கொண்டான். நாம் நாளாக்கிக்கொண்டோம்.

பிறை என்ற சொல்லும் பிற என்பதிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். புதிதாகப் பிறந்த நிலா.

#8 அகராதிப்புழு | புதன், காலை 9.48

எண்ணம் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. இந்தக் களத்தில் ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு முடித்துவிடுகிறார்கள்.

வேரை விடுங்கள், பயன்பாட்டைப் பாருங்கள். குறள் 782. அறிவுடையவர் நட்பு எப்படிப்பட்டது என்றால் "பிறை" என்கிறார். பேதையார் நட்புக்கு "மதிப் பின்னீர", முழுநிலாவுக்குப் பிந்தைய தன்மை. அங்கே வளர் என்ற அடைமொழி கிடையாது. பிறை என்று தனியாகச் சொன்னாலே அது நிறைந்துகொண்டு போவது என்று கேட்பவருக்குப் புரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த உவமையே நிற்காது. லத்தீன்காரர்களின் கிரெஸ்கென்ஸும் வள்ளுவரின் பிறையும் அந்த இடத்தில் ஒன்று. வளர்பிறை, தேய்பிறை என்று அடைமொழி தேவைப்பட்டதெல்லாம் சொல் தளர்ந்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம்.

#9 சிங்கைவாசி | புதன், மதியம் 12.20

இன்றைக்கும் "வளர்கிற" என்ற பொருளிலேயே நிற்கும் ஒரு பிறை எங்கள் ஊரில் இருக்கிறது. சிங்கப்பூர்க் கொடி, 1959 டிசம்பர் 3 அன்று அறிமுகமானது. அதிலுள்ள பிறைக்கு அரசு சொல்லும் விளக்கம், ஏறுமுகத்தில் இருக்கும் இளம் நாடு என்பது. பக்கத்திலுள்ள ஐந்து விண்மீன்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். பள்ளியில் மனப்பாடம் செய்தது இன்னும் போகவில்லை.

தெருப் பெயரிலும் எங்களுக்குப் பஞ்சமில்லை. மரீன் கிரசென்ட், தெலுக் பிளாங்கா கிரசென்ட். யாரும் மொழிபெயர்ப்பதில்லை. கிரசென்ட் என்றே தமிழில் எழுதுகிறோம். முகவரியைப் போய் மொழிபெயர்த்தால் கடிதம் எப்படி வந்து சேரும்?

#10 ஓய்ந்த வாத்தியார் | புதன், மதியம் 1.02

கோபித்துக்கொள்ள வேண்டாம், சிங்கைவாசி. உங்கள் கொடியில் பிறையின் முதுகு இடப்பக்கம், வாய் வலப்பக்கம். வளரும் நிலாவுக்கு மாலையில் சூரியன் மறைந்த மேற்குப் பக்கம் ஒளிரும். வட அரைக்கோளத்தில் நின்று பார்த்தால் அது வலப்பக்கம். இடப்பக்கம் ஒளிர்ந்தால் அது விடியற்காலையில் கிழக்கே தெரிகிற தேயும் நிலா. அப்படியானால் ஏறுமுகத்துக்கு இறங்குமுகத்தை வரைந்திருக்கிறார்கள்.

#11 சிங்கைவாசி | புதன், மதியம் 1.30

வாத்தியார் ஐயா, வட அரைக்கோளம் என்று சொன்னீர்களே, அங்கேதான் பிடி. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் வானத்தில் வளரும் பிறை இடமும் பார்ப்பதில்லை, வலமும் பார்ப்பதில்லை. மல்லாந்து கிடக்கும், படகு மாதிரி. அதைக் கொடியில் எப்படிப் போட்டாலும் யாராவது குறை சொல்வீர்கள். மேலும், கொடியைப் பின்பக்கமிருந்து பார்த்தால் நீங்கள் கேட்ட வளரும் நிலா!

#12 ஓய்ந்த வாத்தியார் | புதன், மதியம் 1.44

ஒப்புக்கொண்டேன். பின்பக்கமிருந்து பார்ப்பேன்.

#13 களக் காவலர் | புதன், மாலை 4.10

இந்த இடத்தில் இருந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கொடிகளின் வடிவத்தைப் பேசுங்கள். எந்தச் சின்னம் எந்த மதத்துக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு இந்தக் களம் இடமில்லை. பழைய பைசாந்தியத்தின் (இன்றைய இஸ்தான்புல்) காசுகளில், இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே, பிறையும் விண்மீனும் சேர்ந்து இருக்கின்றன. சிவன் தலையிலும் இருக்கிறது. போதும்.

#14 வடமராட்சி | புதன், இரவு 11.35

நான் இப்ப இருக்கிறது இங்கிலாந்தில. நான் இருக்கிற றோட்டுக்கே கிரசென்ட் எண்டுதான் பேர். சும்மா ஒரு சின்ன வளைவு, பிறை எண்டு சொல்ல ஏலாது. இஞ்ச அப்பிடித்தான், கொஞ்சம் வளைஞ்சாலே கிரசென்ட்.

ராயல் கிரசென்ட்டை நேரில பாத்தனான் தங்கச்சி. முப்பது வீடு, ஆனா பாக்கேக்க ஒரே மாளிகை மாதிரி இருக்கும். இளைய ஜோன் வூட் எண்ட கட்டிடக்காரர் 1767இல தொடங்கி ஒரு ஏழெட்டு வரியத்தில முடிச்சவர். முன்னால பெரிய புல்வெளி. அந்த வளைவுகூட வட்டத்தில வெட்டினதில்லை, அரை நீள்வட்டம். அதுக்குப் பிறகுதான் இஞ்ச வளைஞ்ச தெருவுக்கெல்லாம் கிரசென்ட் எண்டு பேர் வைக்கிற பழக்கம் பரவினது. வடிவாப் பாருங்கோ, நிலாவிலயிருந்து வீட்டுக்கு இறங்கி வந்த சொல்லு, பிறகு வளைவே இல்லாத றோட்டுக்கும் போயிற்று. அது பேர்ச்சொல். ராயல் கிரசென்ட் எண்டே விடுங்கோ.

இன்னொண்டு. சிங்கைவாசி மல்லாந்த பிறை எண்டு சொன்னார். எங்கட ஐயா பஞ்சாங்கம் பாக்கேக்க வடகோடு, தென்கோடு எண்டு சொல்லுவார். பிறையின்ர ரெண்டு முனைக்கும் தமிழில பேர் கோடு, அதாவது கொம்பு. இங்கிலீசிலயும் அதை ஹோர்ன் எண்டுதான் சொல்லுறவை. ஆர் ஆரிட்டக் கேட்டவையோ தெரியாது, மாட்டைப் பாத்திருப்பினம் ரெண்டு பேரும்.

#15 ஓய்ந்த வாத்தியார் | வியாழன், காலை 5.50

வடமராட்சி தம்பி, அந்த வடகோடு, தென்கோடு சங்கதியை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. எங்கள் தாத்தாவும் மாசாமாசம் மூன்றாம் பிறையன்று அதைப் பார்த்து மழையும் நெல் விலையும் சொல்வார். விலை சொன்னது பலித்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் பார்த்தது வெறும் கற்பனை அல்ல.

மாலைப் பிறையின் சாய்வு மாதத்துக்கு மாதம் மாறும். நம் ஊர் அட்சரேகையில் பங்குனி வாக்கில் சூரியன் மறைந்த இடத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே நிலா நிற்கும். சூரியன் கீழே இருப்பதால் கீழ் விளிம்பு ஒளிரும், இரண்டு கோடும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். புரட்டாசி வாக்கில் நிலா தெற்கே ஒதுங்கி நிற்கும். ஒளி வடமேற்கிலிருந்து, கீழ்ப்பக்கமாக வரும். அப்போது வடகோடு ஓங்கி, தென்கோடு சாய்ந்துவிடும். லண்டனில் ஒரு பிள்ளை வரைகிற பிறையும் லால்குடியில் ஒரு பிள்ளை வரைகிற பிறையும் ஒன்றாக இருக்க முடியாது. நம் பாடநூல் படங்களில் மட்டும் பிறை எப்போதும் லண்டன் பிறை. நிமிர்ந்து நிற்கும்.

நிலவுமொழி அம்மா, முடிந்தால் நிலாப் பக்கத்தில் ஒரு படகுப் பிறையையும் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் மாடியில் போய்ப் பார்த்தால் அதுதான் தெரியும்.

#16 அடுப்படி | வியாழன், காலை 10.15

இவ்வளவு பேர் பேசினீர்கள், அந்தப் பலகாரத்தை ஒருவரும் தொடவில்லையே!

"பிறை வடிவில் மடிக்கவும்" என்று எந்தத் தமிழ் வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். "சோமாசி மாதிரி மடி" என்பார்கள். அவ்வளவுதான். வட்டத்தை நடுவில் மடித்தால் கிடைப்பது பிறையே இல்லை, அரைவட்டம். ஆங்கிலக் குறிப்பு எழுதியவர் அதைக் கிரசென்ட் என்று சொன்னது அவர் பாடு. ஓரத்தை ஈர விரலால் அழுத்தி ஒட்டி, சோமாசிக் கரண்டியால் வெட்டு. பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியும்.

உண்மையாகவே பிறையாக வளைப்பதென்றால் அது குரோசான். முக்கோணமாக வெட்டி, சுருட்டி, இரண்டு முனையையும் உள்பக்கம் இழுத்து வளைக்க வேண்டும். அதற்குப் பிறை பொருந்தும்.

#17 வேர்ச்சொல்வெறியன் | வியாழன், காலை 10.40

குரோசான் என்றதும் 1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிட்ட கதையை யாராவது கொண்டுவருமுன் சொல்லிவிடுகிறேன். முற்றுகை முறிந்த மகிழ்ச்சியில் ரொட்டிக்காரர்கள் பிறை வடிவில் சுட்டார்கள் என்பது அழகான கட்டுக்கதை. அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. கிப்ஃபெர்ல் என்ற வளைந்த ரொட்டி ஆஸ்திரியாவில் அதற்கு வெகு முன்பே உண்டு. 1830களின் கடைசியில் ஆகஸ்ட் சாங் என்ற வியன்னாக்காரர் பாரிசில் கடை போட்டபோது அது அங்கே போய், பிரெஞ்சுப் பெயர் சூட்டிக்கொண்டது. இன்றைக்குள்ள அடுக்கடுக்கான வெண்ணெய் மாவு அதற்கும் பிந்தியது.

#18 காயல்காற்று | வியாழன், மாலை 6.55

ஃபெர்டைல் கிரசென்ட் பாக்கி இருக்கிறது. நான் வரலாறு படித்தவன் என்பதால் எடுத்துக்கொள்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் என்ற எகிப்தியல் அறிஞர் பரப்பிய பெயர் அது, 1916இல் வந்த பள்ளிப் பாடநூல் வழியாக. பாரசீக வளைகுடாவின் தலையிலிருந்து டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளோடு மேலே ஏறி, சிரியா வழியாக வளைந்து, மத்தியதரைக் கடலோரமாகப் பாலஸ்தீனத்துக்கு இறங்குகிறது. வாய் தெற்குப் பக்கம், உள்ளே பாலைவனம். கோதுமையும் பார்லியும் முதலில் பயிரான நிலம். நாங்கள் படித்தது "வளமான பிறை" என்று. இது வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிகிற வடிவம், பிறை என்ற சொல் இங்கே கச்சிதம். வளர்கிற என்ற பழைய பொருளும் தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது, வேர்ச்சொல்வெறியனுக்கு மகிழ்ச்சி.

செம்பிறையும் அப்படித்தான். ரெட் கிரசென்ட் என்பதற்குச் செம்பிறைச் சங்கம் என்று தமிழில் நிலைபெற்றுவிட்டது. துருக்கியில் உதுமானியர்கள் 1877-78இல் ரஷ்யாவோடு நடந்த போரில் சிலுவைக்குப் பதிலாகப் பயன்படுத்தியது, 1929 ஜெனிவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்டது. யாரும் அங்கே அது வளர்கிறதா தேய்கிறதா என்று கேட்பதில்லை.

#19 வடமராட்சி | வியாழன், இரவு 11.10

வாத்தியார், ஒரு சந்தேகம். நிலாப் பிறையின்ர முனை ரெண்டும் கட்டிக்கொள்ளாது எண்டு சொன்னியள். 2019 மார்கழி (டிசம்பர்) 26, கங்கண சூரிய கிரகணம். லீவில ஊரில நிண்டனான். வளையம் வர முன்னம் வேப்பமரத்துக்குக் கீழ முத்தமெல்லாம் குட்டிக் குட்டிப் பிறை. ஆயிரக்கணக்கில. சின்னப்பிள்ளையள் வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. அந்தப் பிறையளின்ர முனை நல்லா உள்ளுக்கு வளைஞ்சு கிடந்தது, கொடியில இருக்கிற மாதிரி. அது எப்பிடி?

#20 ஓய்ந்த வாத்தியார் | வெள்ளி, காலை 5.40

தம்பி, மாணவனாகக் கிடைத்திருக்க வேண்டிய ஆள் நீங்கள்.

அது நிலாப் பிறை அல்ல, சூரியப் பிறை. இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பொத்தலும் ஊசித்துளைக் கேமரா மாதிரி சூரியனின் உருவத்தைத் தரையில் விழச் செய்கிறது. கிரகணத்தின்போது வட்டமான சூரியனை வட்டமான நிலா மறைக்கிறது. வட்டத்தின் மேல் வட்டம். ஆகவே மிச்சமிருக்கும் வெளிச்சத்தின் வெளி விளிம்பு அரைவட்டத்தைவிடப் பெரிது, முனைகள் உள்ளே வளைந்து வரும். கொடிக்காரர்கள் வரைகிற வடிவமும் இதேதான். ஆகவே துருக்கி, பாகிஸ்தான், மலேசியக் கொடிகளில் இருப்பதை வடிவியல் கண்ணால் பார்த்தால் நிலாப் பிறை என்பதைவிடக் கிரகணப் பிறை என்று சொல்வதே பொருத்தம். முந்தாநாள் சிங்கைவாசியிடம் தோற்றதற்கு இன்று கொஞ்சம் ஈடுகட்டிக்கொண்டேன்.

#21 தஞ்சாவூர்த் திண்ணை | வெள்ளி, காலை 9.30

தாமதமாக வருகிறேன். எங்கள் பழைய வீட்டில் சுவரில் விளக்கு வைக்கும் மாடத்துக்கும் பிறை என்றுதான் பெயர். "பிறையில தீப்பெட்டி இருக்கு, எடு" என்பாள் பாட்டி. உங்கள் மென்பொருளுக்கு இதைச் சொல்லாதீர்கள், மயக்கம் போட்டு விழும்.

நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்பார்களே, நீங்கள் ஐந்து பிறை பார்த்திருக்கிறீர்கள்!

#22 அகராதிப்புழு | வெள்ளி, காலை 9.52

அந்த விளக்கு மாடத்தை எங்கள் பக்கம் மாடாக்குழி என்போம். புரை என்பதுதான் பிறை ஆனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லை, வேண்டாம். முந்தாநாள் நானே ஒருவரை இதற்காகக் கடிந்துகொண்டேன்.

#23 நிலவுமொழி | சனி, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவுக்கும் வடமராட்சி அண்ணாவுக்கும் தனி நன்றி.

நேற்று நீண்ட மின்னஞ்சல் போட்டேன். நிலாப் பக்கத்தில் "வளரும் பிறை", "தேயும் பிறை", கீழே அட்டமி வரை என்ற விளக்கம், கூடவே படகுப் பிறை. மெசபடோமியாவுக்கு வளமான பிறை. பாத் நகரத்துக்கு ராயல் கிரசென்ட் என்றே. பலகாரத்துக்குச் சோமாசி போல மடிக்கவும். கருவிக்கு ஸ்க்ரூ ஸ்பேனர். குறளையும் ரமலான் பிறை 17ஐயும் எடுத்துக்காட்டாக வைத்து, தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் விதி ஏன் ஓடாது என்று ஒரு பக்கம் எழுதினேன்.

இன்று பதில். நான்கை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சோமாசிக்கு மட்டும் "எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாத பிள்ளைகள் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று எழுத நினைத்தேன். "அரைவட்டமாக, சோமாசி போல மடிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். மென்பொருளின் சிவப்புக் கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை அணைக்க அவர்களுக்கே தெரியவில்லையாம்.

ஸ்பேனர் படத்தையும் இணைத்திருக்கிறேன். ஒரு சிறுமி சைக்கிள் சக்கரத்து நட்டைத் திருகுகிறாள்.

#24 லேத்துப்பட்டறை | சனி, இரவு 8.47

அம்மணி, படத்தை நிறுத்தச் சொல்லுங்க. புள்ளை ஸ்பேனரைத் திருப்பிப் புடிச்சிருக்குது. இழுக்கற விசை அசையாத தாடை மேல விழோணும், நகர்ற தாடை மேல விழக்கூடாது. இப்படிப் புடிச்சு இழுத்தா வாய் வழுக்கி நட்டு முனை மழுங்கும், கையும் செயின்ல போய் மோதும்.

#25 நிலவுமொழி | சனி, இரவு 8.55

ஐயோ. இன்னொரு மின்னஞ்சலா!